கேட்டில் நிற்கும் நிதித்துறை ஊழியர்

எங்கள் குடியிருப்பின் கேட்டில் இரவுக் காவலுக்கு நிற்பவர், அரசாங்கக் கணக்குப்படி நிதித்துறையில் வேலை பார்க்கிறார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்கப் புள்ளிவிவரத் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலைவாய்ப்பு அறிக்கை ஒன்று வெளியிடும். நாட்டில் இருக்கிற எல்லா வேலையையும் அதில் பத்துத் துறைகளாகப் பிரித்திருப்பார்கள்: விவசாயம், சுரங்கம், உற்பத்தி, மின்சாரமும் தண்ணீரும், கட்டுமானம், வியாபாரம், போக்குவரத்து, நிதி, சமூகச் சேவைகள், தனியார் வீட்டு வேலை. இதில் நிதி என்று சுருக்கமாகப் போட்டிருக்கிற துறையின் முழு வடிவம் நிதி, காப்பீடு, மனை வணிகம், வணிகச் சேவைகள். கடைசியில் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த வணிகச் சேவைகளில்தான் செக்யூரிட்டி கம்பெனி, துப்புரவு கம்பெனி, ஆள் சப்ளை செய்கிற லேபர் புரோக்கர் எல்லாரும் வருகிறார்கள். வங்கி மேலாளரும், அந்த வங்கி வாசலில் குண்டு துளைக்காத சட்டை போட்டு நிற்பவரும், தரையைத் துடைக்கிற அம்மாவும் ஒரே வரியில்.

டர்பனில் சிறிய நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கம்பெனியைப் புதிதாக எடுத்துக்கொண்டால் முதலில் நிரப்ப வேண்டியவற்றில் ஒன்று தொழில் வகைப்பாட்டு எண். வருமான வரித்துறைக்கு அனுப்புகிற சம்பளக் கோப்பில் அந்த எண் இருந்தே ஆக வேண்டும். அதை வைத்துத்தான் பயிற்சி வரி எந்தத் துறையின் பயிற்சி ஆணையத்துக்குப் போகிறது என்பதும் தீர்மானமாகும். ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டிய கம்பெனிகள் அதில் நூற்றுக்கு ஒன்று இந்த வரியாகக் கட்ட வேண்டும். அதனால் ஊரில் இருந்து சொந்தக்காரப் பையன்கள் வாட்ஸப்பில் வந்து, "மாமா, அங்க எந்தத் துறைல வேலை அதிகம்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. அறிக்கையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கம்பெனிகளின் வகைப்பாட்டு எண்களை நிரப்புகிற ஆட்களில் நானும் ஒருவன்.

அறிக்கை சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மக்கள் தொகை 2022 கணக்கெடுப்பில் சுமார் 1.24 கோடி, கௌடெங்குக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரியது. நாடு முழுக்கவும் சரி, இங்கேயும் சரி, அதிகம் பேர் வேலை பார்ப்பது சமூகச் சேவைகளில்: ஆசிரியர், நர்ஸ், போலீஸ், நகராட்சி. அடுத்தது வியாபாரம், அதற்குப் பின்னால் நிதி. இந்த மூன்றிலேயே பாதிக்கு மேல் அடங்கிவிடும். உற்பத்தி, நாட்டளவில் பத்தில் ஒன்று. வேலை இல்லாதவர்கள் 2023 கடைசிக் காலாண்டில் நாட்டளவில் 32.1 சதவீதம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். அப்படித் தாராளமாக எண்ணியும் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை.

சரி, ஜேக்கப்ஸுக்கு வருவோம். டர்பன் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற பழைய தொழிற்பேட்டை அது. செங்கல் சுவர், ரம்பப் பல் மாதிரிக் கூரை, இடுக்கான தெருக்களில் லாரிகள். என்னுடைய வாடிக்கையாளர் ஒருவருக்கு அங்கே ஒரு ஷெட். அவருடைய அப்பா காலத்தில் ஆண்களின் சட்டை தைத்த இடம். வெட்டித் தைத்து முடித்துக் கொடுக்கிற ஒப்பந்தத் தையல். பெரிய கடைகளில் இருந்து துணி வரும், சட்டையாகத் திரும்பிப் போகும். இப்போது சட்டை சீனாவில் இருந்து தைத்தே வருகிறது. துணி வெட்டிய நீள மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதன்மேல் அட்டைப்பெட்டிகள். மேசையைச் சுற்றி முன்பு தைத்த பெண்களே நிற்கிறார்கள், ஆள் மட்டும் குறைவு. ஒருவர் பெட்டியைப் பிரிக்கிறார், ஒருவர் சட்டையை உதறிப் பார்த்து நூல் நறுக்குகிறார், இன்னொருவர் கையில் விலைச்சீட்டு குத்துகிற துப்பாக்கி. மூலையில் மூன்று ஓவர்லாக் மெஷின்கள் இருக்கின்றன, விளிம்பு பிரிந்த சட்டையைச் சரி செய்ய. மாதத்தில் சில நாள் அவை ஓடும்.

இந்த ஷெட் எந்தத் துறை? முதலாளி வாங்கி விற்கிறார், ஆகவே மொத்த வியாபாரம். அந்த எண்ணைத்தான் போட்டேன். ஒரே மாதத்தில் அந்தப் பெண்கள் எல்லாரும் உற்பத்தித் துறையில் இருந்து வியாபாரத் துறைக்குப் போய்விட்டார்கள். யாரும் நாற்காலி மாறி உட்காரவில்லை. பயிற்சி வரி ஆடைத்துறை ஆணையத்தை விட்டுச் சில்லறை-மொத்த வணிக ஆணையத்துக்குப் போக ஆரம்பித்தது. ஆடைத் தொழிலில் முதலாளிகளும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து சம்பளம் பேசுகிற பேரப்பேச்சு மன்றம் நிர்ணயித்த வாரச்சம்பளம், அதனுடைய ஓய்வூதிய நிதி, நோய்க்கால நிதி எல்லாவற்றோடும் இருந்த தொடர்பு அறுந்தது. முதலாளிக்கு இதில் லாபம் உண்டு, அதை அவர் மறைக்கவும் இல்லை. "நான் தைக்கவில்லையே, பிறகு எதற்குத் தையல்காரர் மன்றத்துக்குக் காசு?" என்கிறார். கேள்வி நியாயம்தான். மூலையில் இருக்கிற மூன்று மெஷின்களைப் பார்த்துவிட்டு மன்றத்தின் இன்ஸ்பெக்டர் கேட்கிற எதிர்க்கேள்வியும் நியாயம்தான். அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை.

ஒரு துறை தேய்வதற்குக் காரணம் வெளியேயும் இருந்தது, அதை விட்டுவிடக் கூடாது. 1990-களின் நடுவில் தென்னாப்பிரிக்கா உலக வர்த்தக விதிகளுக்குள் வந்தபோது துணிக்கும் ஆடைக்கும் இருந்த இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைத்தது. சீனச் சட்டை வந்து இறங்கியது. 2007, 2008 இரண்டு ஆண்டும் சீன ஆடைகளுக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார்கள். சரக்கு வேறு நாடுகள் வழியாக வந்தது. மிஞ்சிய தையல் வேலையில் ஒரு பகுதி சம்பளம் குறைவான, மாகாணத்தின் வடக்கே இருக்கிற நியூகாசிலுக்கும், இன்னொரு பகுதி பக்கத்து நாடான லெசோத்தோவுக்கும் நகர்ந்தது. 2010-ல் நியூகாசிலில் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத தொழிற்சாலைகளை மூட நடவடிக்கை எடுத்தபோது, மூடாதீர்கள் என்று தொழிலாளர்களே தெருவுக்கு வந்தார்கள். உற்பத்தி போய்விட்டது, ஆனால் ஆடை விற்கிற மிஸ்டர் பிரைஸ் குழுமத்தின் தலைமையகம் டர்பனில்தான் இருக்கிறது. அதாவது சட்டையில் வருகிற பணம் ஊரைவிட்டு முழுதாகப் போகவில்லை, வேறு துறையின் வழியாக வேறு ஆட்களிடம் போகிறது.

டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் எனக்கு ஒரு ஆயா உண்டு. உறவு இல்லை, பழக்கம்தான். பாதி தமிழ், பாதி இங்கிலீஷில் பேசுவார். பதினாறு வயதில் தையல் பேக்டரிக்குப் போனவர். "பஸ்ஸு அஞ்சரைக்கு வரும், அப்பா. மெஷின்ல உக்காந்தா தலை தூக்கக் கூடாது. காலர் மட்டுந்தான் நான் தைச்சேன், வருசக்கணக்கா காலர். முழுச் சட்டை எப்படி இருக்கும்னு கடையில போய்ப் பாப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை கவரில் சம்பளம். அதில் பாதி வீட்டுக்கு, கால்வாசி தம்பியின் படிப்புக்கு. தம்பி ஆசிரியர் ஆனார். தையல் கவரில் படித்து ஆசிரியரானவர்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. அப்போது இந்தியப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த கதவுகள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கதவுகளில் ஒன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி.

ஏன் கொஞ்சம் என்பதற்குச் சட்டமே காரணம். பொருளாதாரப் பாடப் புத்தகத்தில், துறைகளுக்கிடையே வேலை எப்படிப் பரவுகிறது என்பதற்குத் தேவை, திறமை, முதலீடு என்று எழுதியிருக்கும். இந்த ஊரில் முதலில் எழுத வேண்டியது யாரை எங்கே அனுமதித்தார்கள் என்பது. 1860 நவம்பர் 16-ல் சென்னையில் இருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு. 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில்வேக்கும் போனார்கள், காய்கறி பயிரிட்டார்கள், டர்பன் நகராட்சியில் குப்பை அள்ளினார்கள். 1924-ல் வந்த அரசாங்கம் வெள்ளையர்களுக்கு முன்னுரிமை என்ற கொள்கையைக் கொண்டுவந்ததும் ரயில்வேயில் இருந்த இந்தியர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். 1956-ல் இன்ன வேலை இன்ன இனத்துக்கு என்று ஒதுக்குவதற்குச் சட்டமே வந்தது. ஹோட்டலில் பரிமாறுகிறவர், தையல்காரர், ஆசிரியர் என்று டர்பன் தமிழர்கள் ஒருசில வேலைகளிலேயே குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்களுக்கு அது கைவந்த கலை" என்று இங்கே சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கலை எல்லாம் சரி, மற்ற வாசல்களில் பூட்டு தொங்கியது.

ஆட்களை எங்கே குடியமர்த்தினார்கள் என்பதும் அதே கதை. மேகஸின் பேரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு ஊரின் நடுவே இருந்தது. அதில் பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். 1960-களில் அதைக் காலி செய்து, மக்களைத் தெற்கே புதிதாகக் கட்டிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கறுப்பின மக்களுக்கு உம்லாசி, க்வாமாஷு. தெற்கு டர்பனின் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும், ஆனால் ஊருக்குள் இருக்கக் கூடாது என்ற கணக்கு அது. அந்தத் தொழிற்சாலைகள் இருந்தவரை இந்த வரைபடத்தில் ஒரு கொடூரமான ஒழுங்காவது இருந்தது. இப்போது புதிய வேலைகள் வடக்கே, உம்லாங்காவின் கண்ணாடிக் கட்டடங்களிலும் 2010-ல் திறந்த கிங் ஷாகா விமான நிலையத்தைச் சுற்றியும் வருகின்றன. வீடுகள் தெற்கிலேயே இருக்கின்றன. உம்லாசியில் இருந்து உம்லாங்காவுக்குப் போக இரண்டு வேன் மாற வேண்டும். வேலை எந்தத் துறையில் என்பதற்கு அறிக்கையில் ஒரு பத்தி உண்டு. வேலைக்குப் போய்வரச் சம்பளத்தில் எவ்வளவு போகிறது என்பதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

துறைமுகத்தைப் பற்றிப் பேசாமல் டர்பன் பொருளாதாரம் பேச முடியாது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு துறை எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது வேறு, எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்பது வேறு. நாட்டின் கொள்கலன் போக்குவரத்தில் பாதிக்கு மேல் டர்பன் வழியாகத்தான். ஆனால் கொள்கலனைத் தூக்குவது கிரேன். எண்ணெய் சுத்திகரிப்பு இன்னும் மோசம்: நாட்டிலேயே பெரிய சாப்ரெஃப் ஆலை நாளுக்கு 1,80,000 பீப்பாய் சுத்திகரித்தது, ஆனால் உள்ளே நிரந்தரமாக வேலை பார்த்தவர்கள் அந்த அளவுக்குப் பார்த்தால் சிலர்தான். பக்கத்தில் இருந்த எஞ்சென் (Engen) நிறுவனத்தின் ஆலை 2020 டிசம்பரில் தீப்பிடித்த பிறகு சுத்திகரிப்பை நிறுத்தியது. சாப்ரெஃப் 2022-ல் நின்றது. நின்றபோது பெரிய அடி யாருக்கு? ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்க அவ்வப்போது வருகிற ஷட்டவுனை நம்பி வாழ்ந்த வென்ட்வொர்த், மெர்பேங்க் பகுதியின் வெல்டர்கள், கொதிகலன் வேலைக்காரர்கள், சாரம் கட்டுபவர்கள். அவர்கள் அறிக்கையில் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் என்று இல்லவே இல்லை. சிலர் கட்டுமானத்தில், சிலர் லேபர் புரோக்கர் வழியாக நிதித்துறையில். ஆலை மூடியபோது உற்பத்தித் துறையின் எண் கொஞ்சம்தான் அசைந்திருக்கும், மெர்பேங்கின் தெருக்கள் நிறைய அசைந்தன. கை வேலை தெரிந்தவர்களில் பலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். நம்ம ஊர்க் கதைதான்.

பிராஸ்பெக்டனில் இருக்கிற டொயோட்டா ஆலையும் அப்படித்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் வண்டி வெளியே வரவில்லை. எனக்குத் தெரிந்த கம்பெனிகளில் அந்த மாதம் சம்பளக் கோப்பு சுருங்கியவற்றைச் சொல்கிறேன்: சீட்டுக்குப் பஞ்சு வெட்டுகிற ஒன்று, கேன்டீனுக்கு ரொட்டி வாங்கி விற்கிற ஒன்று, இரண்டு லாரி மட்டும் வைத்து உதிரிபாகம் ஏற்றுகிற ஒருவர். உற்பத்தி, வியாபாரம், போக்குவரத்து. ஒரே தண்ணீர், மூன்று துறை.

லேபர் புரோக்கர் விஷயத்தில் சட்டம் சும்மா இருக்கவில்லை. 2015 முதல் அமலான திருத்தத்தின்படி, குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர் மூன்று மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்த்தால், அவர் வேலை பார்க்கிற கம்பெனியின் ஊழியராகவே கருதப்படுவார். முதலாளி ஒருவரா, இரண்டு பேருமா என்ற வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2018 ஜூலையில் கம்பெனிதான் முதலாளி என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சம்பளத்தைக் கையில் கொடுப்பது பெரும்பாலும் இன்னும் புரோக்கர்தான், சம்பளக் கோப்பும் அவர் பெயரில்தான் போகிறது. சட்டத்துக்கு ஒரு முதலாளி, சம்பளச் சீட்டில் இன்னொரு முதலாளி. 'நிதித்துறையில் இந்தக் காலாண்டில் இத்தனை ஆயிரம் வேலை கூடியது' என்று செய்தித்தாளில் வரும்போது, அதில் எத்தனை பேர் முன்பு தொழிற்சாலையின் சொந்தத் துப்புரவாளராக, சொந்தக் காவலாளியாக இருந்து வெளியே கழற்றிவிடப்பட்டவர்கள் என்று யாராவது எழுதினால் தேவலை. அப்படிக் கழற்றிவிடப்பட்டவருக்கு முதலில் போவது ஆலையின் மருத்துவக் காப்பீடு, அப்புறம் வருடக் கடைசி போனஸ்.

கரும்பு இன்னும் இருக்கிறது. நாட்டில் குவாசுலு-நட்டாலும் ம்புமலாங்காவும்தான் முக்கியமான கரும்பு மாகாணங்கள். வெட்டுகிறவர்களில் பலர் கிழக்கு கேப்பில் இருந்து வருகிறவர்கள், ஆலை ஓடுகிற ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வேலை, பிறகு ஊருக்கு. 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது, 2022 அக்டோபரில் டொங்காட் ஹுலெட் சர்க்கரை நிறுவனம், திவாலைத் தவிர்க்கிற மீட்பு நடவடிக்கைக்குள் போனது. அதையெல்லாம் விட, டர்பனுக்கு வடக்கே இருக்கிற மவுண்ட் எட்ஜ்கோம் எனக்குப் பெரிய ஆச்சரியம். தோட்டத்துத் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது, ஈஸ்டர் சமயத்தில் கூட்டம் தாங்காது. கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்பு. இப்போது கோல்ஃப் மைதானமும் மதில் சூழ்ந்த வீடுகளும். அதே நிலத்தில் இப்போதும் ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள்: புல் வெட்டுகிறவர், கேட் திறக்கிறவர், குளம் சுத்தம் செய்கிறவர். விவசாயம் குறைந்து நிதித்துறை வளர்ந்தது என்று அறிக்கை சொல்வதற்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்க்கலாம். அந்த வீடுகளுக்குள் துணி துவைக்கிற பெண்கள் மட்டும் தனியார் வீட்டு வேலை என்ற பத்தாவது துறை. 2019 ஜனவரியில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20 ராண்ட் என்று வந்தபோது அவர்களுக்கு 15 தான். மற்றவர்களுக்குச் சமமாக ஆனது 2022-ல்.

வார்விக் சந்தையை எங்கே வைப்பது? பெருநகரின் பஸ், வேன், ரயில் எல்லாம் சேருகிற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கடை போட்டிருக்கிறார்கள். விடியற்காலைச் சந்தையில் கறிவேப்பிலைக் கட்டு, சேப்பங்கிழங்கு, அவரை, கொத்தமல்லி விற்கிற கடைகளில் தாத்தா காலத்தில் இருந்து கைமாறியவை உண்டு. 2009-ல் அங்கே மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டது, வியாபாரிகள் போராடித் தடுத்தார்கள். நிறுவனங்களிடம் எடுக்கிற காலாண்டுக் கணக்கில் இவர்கள் வரவே மாட்டார்கள், விவசாயக் கூலியும் வீட்டு வேலையும் அதில் கிடையாது. இதுவரை நான் சொன்ன அறிக்கை வீடு வீடாகப் போய் எடுக்கிற கணக்கு, அதில்தான் வியாபாரத் துறை என்று வருவார்கள். இரண்டு அறிக்கையும் ஒரே காலாண்டில் எதிர் எதிராகச் சொல்வது இதனாலும்தான். செய்தித்தாள்காரர்கள் எது வசதியோ அதை எடுத்துப் போடுவார்கள்.

ஊர்ப் பையன்களுக்கு நான் சொல்கிற பதில் இப்போது இதுதான்: துறையைக் கேட்காதே, சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும் என்று கேள், எத்தனை வண்டி மாறிப் போகணும் என்று கேள். ஆயாவின் பேத்தி உம்லாங்காவில் ஒரு கால் சென்டரில் சேர்ந்திருக்கிறாள். இங்கிலாந்தில் மின்சாரக் கட்டணம் கட்டுகிறவர்களின் புகாரைக் கேட்கிற வேலை. அவள் வேலை செய்வது யாருக்காக என்று பார்த்தால் மின்சாரத் துறை, எதைக் கையில் வைத்துச் செய்கிறாள் என்று பார்த்தால் தொலைத்தொடர்பு, சம்பளம் கொடுப்பவரைப் பார்த்தால் வணிகச் சேவை, ஆக நிதி. "அப்போ நான் பேங்க்ல இருக்கேன்னு சொல்லிக்கலாமா, அங்கிள்?" என்று சிரித்தாள். சாட்ஸ்வொர்த்தில் இருந்து போய்வருகிற வேன் காசுதான் அவளுக்குப் பிரச்சினை. இரவு ஷிஃப்ட் என்றால் போக்குவரத்து வசதி இருப்பதை முதலாளி உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அவள் கம்பெனியில் வேனே அனுப்புகிறார்கள். பகல் ஷிஃப்டுக்கு அது கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அவளே கேட்டு இரவு ஷிஃப்ட் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.